‘எல்லாம் தலையெழுத்துதானா?’ - ஓரியூர் செம்மணல் சொல்லும் மனமாற்றக் கதை!

மதுரை காளவாசலில் பஸ் ஏறி, தேனி சாலையில் மேற்கே போனால் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணியைத் தாண்டி வருகிறது கருமாத்தூர். அங்கே இயேசு சபையினர் நடத்தும் கல்லூரிக்கு ‘அருள் ஆனந்தர் கல்லூரி’ என்று பெயர். யார் இந்த அருள் ஆனந்தர்?

1647-ல் போர்ச்சுக்கல்லின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1673-ல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் சேர்ந்தார். தமிழ்த் துறவியைப் போல உடுத்தி, சைவ உணவு உண்டு, ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவர் நாட்டில் கைதாகி, சித்திரவதைக்கு ஆளாகி, ‘இனி இங்கே போதிக்கக் கூடாது’ என்ற உத்தரவோடு விடுதலையானார். ஐரோப்பா சென்றவரை அங்கேயே இருக்கச் சொன்னார் போர்ச்சுக்கல் மன்னர். அவரோ 1690-ல் மீண்டும் இந்தியா திரும்பினார்.

ஒரு முடிவு... ஓர் உயிர்!

மறவர் நாட்டு இளவரசரான தடியத்தேவர் கடும் நோயில் விழுந்து மீண்டவர். அதன்பிறகு கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். ‘ஒருவரோடு மட்டுமே இல்லறம்’ என்பதில் அருள் ஆனந்தர் உறுதியாக இருந்தார். யாரும் வற்புறுத்தாமல் தடியத்தேவர் அதை ஏற்றார். மற்றவர்களைப் பிரிந்தார், 1693 ஜனவரியில் திருமுழுக்கும் பெற்றார்.

பிரிக்கப்பட்டவர்களில் ஒருவர், கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். கட்டியவர் திடீரென்று விலக்கினால் எந்தப் பெண்ணுக்குத்தான் வலிக்காது? அவர் அரசரிடம் முறையிட்டார். அருள் ஆனந்தர் கைதானார். 1693 பிப்ரவரி 4-ம் தேதி, ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் ரத்தத்தால்தான் ஓரியூர் மணல் சிவந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

பாவம் எங்கே தொடங்குகிறது?

தப்பு செய்துவிட்டால், ‘என் தலையெழுத்து’, ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லித் தப்பிப்பது நமக்குப் பழக்கம். கிறிஸ்தவ போதனை அதை ஏற்பதில்லை. கடவுள் மனிதனைப் பொம்மையாகப் படைக்கவில்லை. நல்லது கெட்டதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தோடு படைத்தார். அந்தச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே பாவம் என்கிறது அது.

லூக்கா நற்செய்தியின் 15-ம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் கதையைப் பாருங்கள். சொத்தைப் பிரித்துக் கேட்கும் இளைய மகனைத் தகப்பன் கட்டிப்போடவில்லை. பங்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். எல்லாம் கரைந்து, பன்றி மேய்த்துப் பசியில் கிடக்கும்போது அவனுக்குப் புத்தி வருகிறது. எழுந்து நடக்கிறான். அவன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய் அணைக்கிறார் அப்பா. போனது அவன் விருப்பம். திரும்பியதும் அவன் விருப்பம். ஆனால், கதவு திறந்தே இருந்தது அப்பாவின் அன்பால்!

அழுதால் மட்டும் போதுமா?

போதாது. கத்தோலிக்கர்கள் குருவிடம் பாவங்களை அறிக்கையிடுகிறார்கள். கேட்டதை அவர் எந்த நிலையிலும் வெளியில் சொல்லக் கூடாது. சி.எஸ்.ஐ போன்ற சபைகளில், ஆராதனையின்போது எல்லோரும் சேர்ந்து கடவுளிடமே அறிக்கையிடுகிறார்கள். முறை வேறானாலும் சாரம் ஒன்றுதான்: மனம் வருந்துவது, ஒப்புக்கொள்வது, இனி செய்வதில்லை என்று உறுதியெடுப்பது, கெடுத்ததைச் சரிசெய்வது.

இந்தக் கடைசிப் படிதான் கஷ்டம். வரி வசூலித்த சகேயு, மனம் மாறியதும் செய்தது என்ன? ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னார். மன்னிப்பு இலவசம்தான், ஆனால் மனமாற்றத்துக்கு விலை உண்டு. தடியத்தேவரின் முடிவுக்கு, அவரைவிட அதிக விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்ணும் அருள் ஆனந்தரும்தான்.

சாம்பல் புதனில் தொடங்கும் 40 நாள் தவக்காலம், இந்தத் திரும்புதலுக்காகவே ஒதுக்கப்பட்டது. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் அண்ணனுக்கோ, மனம் நோகப் பேசிவிட்ட அம்மாவுக்கோ இன்றே ஒரு போன் போடலாம். எந்த மதத்தவருக்கும் அது முதல் அடிதான்!