வறண்ட கிணறும் வாடாத தோட்டமும்

சென்ற தபசு காலத்தில் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். இப்பொழுது தாமும் ஓர் ஆசிரியராயிருப்பவர். நெடுநேரம் இலக்கணம் பேசியிருந்தவர், விடைபெறும் வேளையில், "ஐயா, செபிக்க முழந்தாளிட்டால் நெஞ்சு கல்லாய்க் கிடக்கிறது. உணர்ச்சியின்றி உதட்டால் மட்டும் செபிப்பது பாசாங்கல்லவா? விட்டுவிடுவதே நேர்மையென்று தோன்றுகிறது" என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. அதே வினா ஒருகால் என்னையும் வாட்டியதுண்டு. என் தாயார் மறைந்தபின் ஏறக்குறைய ஈராண்டு, நிகண்டை ஒப்புவிப்பது போலவே செபமாலை சொல்லிவந்தேன். வாய் மொழிந்தது, உள்ளம் அங்கில்லை. அந்நாளில் எனக்குத் துணைநின்றது அர்ச். அவிலா தெரேசம்மாள் எழுதிய தன்வரலாறு.

ஸ்பானிய தேசத்து அவிலா நகரில் 1515ஆம் ஆண்டு பிறந்து 1582இல் மறைந்த இவ்வம்மையார், கர்மேல் சபையைச் சீர்திருத்தியவர். 1970இல், திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. இத்தகையவர், நற்கருணை உட்கொண்ட வேளை தவிர, 18 ஆண்டுகள் கையில் நூலொன்றின்றிச் செபிக்கத் துணிந்ததில்லை என்கிறார். செபத்துக்கென வகுத்த நேரம் எப்போது முடியுமென்று மணியோசைக்குச் செவிசாய்த்திருந்த நாள்கள் பல என்பதையும் அவர் மறைக்கவில்லை. படித்தபோது எனக்கு நகைப்பும் ஆறுதலும் ஒருங்கே வந்தன. பள்ளி மணிக்குக் காத்திருக்கும் பின்வாங்குப் பிள்ளையை அறியாத ஆசிரியர் யார்?

செபத்தை அவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் தொழிலோடு ஒப்பிடுகிறார். கிணற்றிலிருந்து கையால் இறைத்தல் ஒன்று. வாளிகள் கோத்த சக்கரத்தைச் சுழற்றி இறைத்தல் இரண்டு. ஆற்றினின்றோ ஓடையினின்றோ பாய்ச்சுதல் மூன்று. வானமே மழையாய்ப் பொழிதல் நான்கு. படிப்படியே மனிதனின் உழைப்புக் குறையும். இறைவனின் அருள் மிகும். தொடக்கநிலையினர் கையால் இறைப்போர். பலநாள் வாளியை இறக்கியும் துளிநீரும் வாராதாயின் தோட்டக்காரன் என்செய்வான்? தோட்டம் அவனுடையதன்று, தலைவனுடையது என்கிறார் அம்மையார். அவன் கடன் வாளியை இறக்குவது. நீரில்லாமலே செடிகளைக் காக்கத் தலைவன் வல்லவன்.

இங்கே என் மாணாக்கரின் வினாவுக்கு விடையுண்டு. இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டுவதே பாசாங்கு. இல்லையென்பதை இறைவனிடமே ஒப்புக்கொண்டு அவன்முன் அமர்ந்திருத்தல் பாசாங்காகாது. தாம் தகுதியற்றவர் என்னும் போலித் தாழ்மையால் தெரேசம்மாளும் ஓராண்டுக்கு மேல் தனிச்செபத்தைக் கைவிட்டார். அதனையே தமக்கு நேர்ந்த பெருஞ்சோதனையாகப் பின்னர் எண்ணி வருந்தினார்.

வறட்சி யாவும் பாவத்தின் பயனென்று அவர் கொள்ளவில்லை. உடல்நலிவாலும் பருவமாற்றத்தாலும் அது வருதலுண்டு. அப்போது உயிரை நெருக்கி வதைக்கலாகாது. செபவேளையை மாற்றலாம், நல்ல நூலைப் படிக்கலாம், பிறர்க்கு உதவலாம், வயல்வெளிக்குச் சென்று உலாவலாம் என்கிறார். நான்கு நூற்றாண்டுக்கு முற்பட்ட இவ்வறிவுரை இன்றும் பொருந்துகிறது.

ஆயினும், உணர்ச்சி மீளுமென்று எவரும் உறுதிகூற இயலாது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, கல்கத்தாச் சேரிகளில் தொண்டு தொடங்கிய காலந்தொட்டு ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் அவருள்ளத்தில் இருள் சூழ்ந்திருந்தமை வெளிப்பட்டது. அவர் செபத்தையும் விடவில்லை, தொண்டையும் விடவில்லை. வறட்சியை வெல்லுதல் என்பது அதனூடே நடத்தலுமாம்.

தமிழ் கற்றோர்க்கு இது விளங்காததன்று. சிலப்பதிகாரம் பாலையைத் தனிநிலமாகக் கூறாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்த நிலையென்றே கூறும். ஆகவே பாலையென்பது வேறோர் ஊரன்று. மழை காணாத நம்மூரே. அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. அன்பில்லார்க்குப் பிரிவுத்துயர் ஏது? இறைவனைக் காணோமென்று வருந்தும் நெஞ்சில் அவன்பால் அன்பு எஞ்சியிருக்கின்றது.

"தம்பி, நேரத்தைக் குறைத்தாலும் குறையும், வாளியை மட்டும் எறிந்துவிடாதேயும்" என்று கூறி, அந்நூலை அவர் கையிற் கொடுத்தேன். என் வறட்சி எந்நாளில் நீங்கிற்றென்று நானறியேன். ஊற்று மீண்டும் சுரந்தபோது நான் கிணற்றடியில் நின்றிருந்தேன், அவ்வளவே அறிவேன்.