அலுவலக ஸ்கானர்: இயக்கமும் பராமரிப்பும்

ஹைதராபாத் நகரின் தார்நாகா பகுதியிலுள்ள தெலங்கானா அரசு ஆவணக் காப்பகத்தில், ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகிய மொகலாய அரசர் காலத்துத் தக்காண நிருவாகத் தாள்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. படைவீரரின் முக அடையாளம், அவர் கொணர்ந்த குதிரையின் நிறம், அதன் மீதிட்ட சூட்டுக்குறி, அவருக்குரிய சம்பளம் ஆகிய அன்றாட அலுவல் விவரங்களே அவற்றுள் பெரும்பாலானவை. பாரசீக மொழியில், ஷிகஸ்தா எனப்படும் விரைவு எழுத்தில் அவை வரையப்பட்டுள்ளன.

இவ்வெழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே வளைவின் கீழ் ஒரு புள்ளி இட்டால் ஓர் எழுத்து. மேலே இரண்டு புள்ளிகள் இட்டால் வேறோர் எழுத்து. அவசரமாக எழுதிய எழுத்தர்கள் புள்ளிகளைப் பல இடங்களில் விட்டுவிட்டனர். சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்த்து இழுத்துவிட்டனர். ஆதலின் எஞ்சி நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் ஆராய்ச்சியாளருக்கு அரிய சான்றாகும். இத்தகைய தாளை ஸ்கானர் கொண்டு படியெடுக்கும்போது, கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசித் துகள் படத்தில் புள்ளியாக விழுமாயின், முன்னூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் இடாத ஒரு புள்ளியை நாம் இட்டவராவோம்.

தமிழ் எழுத்தும் இவ்வகையில் பாரசீகத்திற்குப் பிற்பட்டதன்று. ‘கல்வி’ என்னும் சொல் தன் புள்ளியை இழந்தால் விளைவது யாது என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. நில அளவைப் பதிவேட்டில் 125 என்ற எண்ணின் இடையே ஒரு தூசி விழுந்து 1.25 ஆகிவிடின், அதன் விளைவு நகைப்போடு முடியாது. ஸ்கானர் இன்று அலுவலகந்தோறும் மேசை மீது அமர்ந்துள்ள எளிய சாதனம். பொத்தானை அழுத்தினால் போதும் என்ற எண்ணத்தினால் அது பெரும்பாலும் புதிதாகப் பணியில் சேர்ந்தவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. ஆனால் படியெடுத்த பின் மூலத்தாள் மூட்டை கட்டப்பட்டுக் கிடங்கிற்குச் செல்கிறது. குறித்த ஆண்டுகள் கழிந்த பின் அழிக்கவும் படுகிறது. பிழை வெளிப்படும் நாளில் ஒப்புநோக்க மூலம் இராது. இக்காரணம் பற்றியே கருவியின் அமைப்பையும் பராமரிப்பையும் சற்று விரிவாக அறிவது தேவையாகிறது.

கருவியின் உள்ளே

படத்தைப் புள்ளிகளாகப் பிரித்துக் கணினிக்குள் செலுத்தும் முறை 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிலையத்தில் கையாளப்பட்டது. ரஸ்ஸல் கிர்ஷ் என்பாரும் அவர் குழுவினரும் சுழலும் உருளை ஒன்றில் புகைப்படத்தைப் பொருத்தி ஒளியால் வருடினர். கிர்ஷின் கைக்குழந்தையினுடையது அப்படம். அது நீளவாட்டில் 176, அகலவாட்டில் 176 எனச் சுமார் 31,000 புள்ளிகளைக் கொண்டிருந்தது. இன்று ஒரு ஏ4 தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் படியெடுத்தால் 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கின்றன. அளவு பெருகியதேயன்றித் தத்துவம் மாறவில்லை.

தட்டை வகை ஸ்கானரில் தாள் கண்ணாடியின் மீது முகம் கவிழ்ந்து அசையாது கிடக்கும். கண்ணாடியின் கீழே விளக்கும் ஆடிகளும் தாங்கிய வண்டி ஒன்று நகரும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி, ஆடிகளாலும் வில்லையாலும் சுருக்கப்பட்டு, வரிசையாக அமைந்த ஒளியுணர் சில்லின் மீது விழுகிறது. சி.சி.டி. என வழங்கும் இச்சில்லு 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது. வெண்மையான இடம் மிகுந்த மின்னூட்டத்தையும், மை படிந்த இடம் குறைந்த மின்னூட்டத்தையும் தரும். ஒரு வரி முடிந்ததும் வண்டி ஒரு நூலிழை அளவு நகர்ந்து அடுத்த வரியை வாசிக்கும்.

விலை குறைந்த மெல்லிய ஸ்கானர்களில் ஆடியும் பெரிய வில்லையும் இல்லை. தாளின் அகலம் முழுவதும் நீண்ட உணர் பட்டை ஒன்று கண்ணாடியை ஒட்டியே செல்கிறது. சி.ஐ.எஸ். எனப்படும் இவ்வகை மின்சாரத்தைக் குறைவாகவே உண்ணும். ஆனால் கண்ணாடியைத் தொடாத பகுதியைத் தெளிவாகக் காணாது. தைத்த பதிவேட்டின் நடுமடிப்பு கண்ணாடியினின்று சற்று எழும்பி நிற்பதால் அங்குள்ள எழுத்துக்கள் மங்கிவிடும். பதிவேடுகள் மிகுந்த அலுவலகங்கள் கருவி வாங்குங்கால் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளுதல் நலம்.

புள்ளியும் கோடும்

தாள்களை அடுக்கி வைத்தால் தானே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் ஊட்டு வகை ஸ்கானரில் இந்நிலை தலைகீழாகிறது. இங்கு உணர்வி ஓரிடத்தில் நிற்க, தாளே அதைக் கடந்து ஓடுகிறது. உணர்வியின் மேல் விரற்கடை அகலமுள்ள கண்ணாடிப் பட்டை ஒன்று இருக்கும்.

இவ்வேறுபாட்டினின்று ஒரு பயனுள்ள சோதனை பிறக்கிறது. தட்டை வகைக் கண்ணாடியில் ஒரு துகள் இருந்தால், வண்டி அதை ஒரே ஒரு முறை கடக்கிறது. ஆதலின் படத்தில் ஒரு புள்ளி தோன்றும். ஊட்டு வகையின் கண்ணாடிப் பட்டையில் அதே துகள் இருந்தால், ஓடும் தாளின் ஒவ்வொரு வரியும் அதைக் கடந்தே செல்ல வேண்டும்; ஆதலின் படத்தின் தலை முதல் அடி வரை நேர்கோடு ஒன்று விழும். அக்கோட்டிற்கு நேராகப் பட்டையைத் துடைத்தால் துகள் கைக்கு அகப்படும். இருபுறமும் ஒருங்கே படியெடுக்கும் கருவியில் இத்தகைய பட்டைகள் இரண்டு உள. தாள்களின் பின்பக்கங்களில் மட்டும் கோடு காணப்பட்டால் ஒரு பட்டையே அழுக்குற்றது என்று தெளியலாம்.

தட்டை வகையிலும் சில வேளை நெடுங்கோடு தோன்றுவதுண்டு. கருவி வேலை தொடங்குமுன் சட்டத்தின் ஓரத்தே மறைந்துள்ள வெள்ளைப் பட்டை ஒன்றை நோக்கி, ‘இதுவே வெண்மை’ என்று தன்னைச் சரிசெய்து கொள்கிறது. அவ்விடத்துக் கண்ணாடியில் அழுக்கு இருப்பின் அளவுகோலே பிழைபட்டு, பக்கம் முழுதும் கோடு இழையும். நடுக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் அது நீங்காது; ஓரத்தைத் துடைத்தல் வேண்டும். இச்சிறு செய்தி தெரியாமையால் பழுதில்லாத கருவிகள் பழுதுபார்க்க அனுப்பப்படுகின்றன.

துடைக்கும் முறை எளிது. மின் இணைப்பை நீக்கி, நூல் உதிராத மென்துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சில துளிகள் விட்டுத் துடைக்க வேண்டும். திரவத்தை நேரே கண்ணாடியில் தெளித்தல் ஆகாது. அது விளிம்பின் வழி உள்ளிறங்கிக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் படலமாகப் படியும். அப்படலத்தை நீக்கக் கருவியையே பிரிக்க நேரிடும். வீட்டுச் சன்னல் துடைக்கும் மருந்துகளும், சொரசொரப்பான காகிதமும் கூடா.

ரோலர்களும் பருவமும்

ஊட்டு வகையில் தாளை இழுப்பவை ரப்பர் ரோலர்கள். ஒரு ரோலர் அடுக்கினின்று தாளைப் பற்றியிழுக்க, அதற்கு எதிர்ப்புறமுள்ள மற்றொன்று இரண்டாம் தாளைத் தடுத்து நிறுத்தும். காகிதத் தூள் படிந்து ரப்பர் வழவழப்பானால் இவ்விரு வேலைகளும் கெடும்: தாள் நுழையாது நிற்கும், அல்லது இரண்டு தாள்கள் ஒட்டியவாறு உட்செல்லும். முந்தையதால் நேரம் வீணாகும், அவ்வளவே. பிந்தையதோ ஒரு பக்கத்தையே மறைத்துவிடும். கருவியும் யாதொன்றும் நிகழாதது போல் ஓடிக்கொண்டிருக்கும். செவிக்கெட்டாத ஒலியலைகளைத் தாளினூடே செலுத்தி, இரு தாள்களின் இடையேயுள்ள காற்றை உணர்ந்து நின்றுவிடும் அமைப்பு நல்ல கருவிகளில் உண்டு. எரிச்சலூட்டுகிறது என்று அதை நிறுத்தி வைப்பவர் பலர். அது தவறு.

தக்காணப் பீடபூமியின் ஏப்ரல், மே மாத வறண்ட வெப்பத்தில் தாள்கள் உராய்ந்து நிலைமின்னேற்றம் பெற்று ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மழைக்காலத்திலோ ஈரம் உறிஞ்சித் தளர்ந்து ஒட்டுகின்றன; கடற்கரை ஊர்களில் இத்தொல்லை ஆண்டின் பெரும்பகுதி நிலவும். காரணம் வெவ்வேறாயினும் பரிகாரம் ஒன்றே. அடுக்கை இரு கைகளாலும் வளைத்து விசிறி, தாள்களிடையே காற்றுப் புகவிட்டு, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்திய பின்னரே ஊட்ட வேண்டும். குண்டூசி, ஸ்டேபிள், டேக் நூல் ஆகியவற்றை நீக்குவது யாவரும் அறிந்ததே. ஆனால் காயாத ஒயிட்னரும், கோந்தும், புதிதாக இட்ட ரப்பர் முத்திரையின் மையுமே கண்ணாடிப் பட்டைக்குப் பெரும்பகைவர். இவை பட்டையில் ஒட்டினால் அடுத்து வரும் நூறு தாள்களிலும் கோடு விழும்.

ரோலர்கள் தேயும் பொருள்கள். எத்தனை ஆயிரம் தாள்களுக்குப் பின் மாற்ற வேண்டும் என்பது கருவியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றிய பின் கணக்கியைப் பூச்சியத்திற்குக் கொணர மறத்தலாகாது.

நொறுங்கும் தாள், கிழிந்த தாள், ஒட்டுப்போட்ட தாள் ஆகியவற்றை ஊட்டு வகையில் ஒருபோதும் செலுத்தக் கூடாது.

எத்தனை புள்ளிகள்?

அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம் இருப்பதாகக் கொள்வோம். அங்குலத்திற்கு 100 புள்ளி வீதம் படியெடுத்தால் அதன் குறுக்கே இரண்டே படப்புள்ளிகள் அமையும். 300 வீதம் எனில் ஆறு. இரண்டு படப்புள்ளிகளைத் தூசியினின்று பிரித்தறிவது கணினிக்கு மட்டுமன்று, கண்ணுக்கும் இயலாது. அலுவலகத் தாள்களுக்கு 300, சிற்றெழுத்திற்கும் பழம்பிரதிகளுக்கும் 400 அல்லது 600 என்பது தகுந்த அளவு. புள்ளி இருமடங்கானால் கோப்பின் பருமன் நான்கு மடங்காகும்.

கருப்பு-வெள்ளை முறையில் கருவி ஒவ்வொரு புள்ளியையும் மை அல்லது வெறுமை என்று தீர்த்துவிடுகிறது, இடைநிலை இல்லை. மங்கிய பென்சில் குறிப்பும், வெளிறிய ஊதா முத்திரையும் இத்தீர்ப்பில் மறைந்துபோகும். சாம்பல் நிற முறையில் ஒரு ஏ4 பக்கம் சுருக்காத நிலையில் சுமார் 8.7 மெகாபைட் இடம் கொள்ளும், வண்ணத்தில் 26. சேமிப்பிடம் மலிந்துள்ள இக்காலத்தில் கருப்பு-வெள்ளையைத் தெளிந்த அச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

கோப்பைச் சுருக்குவதிலும் அபாயம் உண்டு. 2013 ஆகஸ்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தின் படியில் விந்தையொன்றைக் கண்டார். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என மூலத்தில் இருந்த மூன்று அறைகளும் படியில் 14.13 என்றே காணப்பட்டன. ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் வகைக் கருவி, ஒத்த உருவங்களை ஒரே முறை சேமித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சுருக்கு முறையைக் கையாண்டிருந்தது. சிறு எண்களை ஒன்றென மயங்கி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அது பதித்துவிட்டது. எண்கள் மங்கியிருந்தால் ஐயம் எழுந்திருக்கும். அவையோ பளிச்சென்று, பிழையாக இருந்தன. நிறுவனம் பின்னர்த் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. நிலையாக வைக்கும் படியை இழப்பில்லாத டிஃப் கோப்பாகவும், அனுப்பும் படியைப் பி.டி.எஃப். ஆகவும் வைத்துக்கொண்டால் இவ்வபாயம் பெரிதும் விலகும்.

பக்கங்களை எண்ணுதல்

பெருமளவில் படியெடுக்கும் பணிக்கும் ஹைதராபாத் களமாக இருந்துள்ளது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராஜ் ரெட்டி முன்னின்ற பத்து லட்சம் நூல் திட்டத்தில், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தோடு ஹைதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் பங்கு கொண்டது. நூலை முகம் மேல்நோக்க விரித்து வைத்து, மேலிருந்து படமெடுக்கும் ஸ்கானர்கள் அங்கு பயன்பட்டன. பக்கங்களைப் பணியாளர் கையால் புரட்டினர். 2007 நவம்பரில் பல நாடுகளிலும் சேர்த்து 20 மொழிகளில் 15 லட்சம் நூல்கள் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் தெலுங்கு நூல்கள் சுமார் 50,000. இத்திட்டத்தின் இந்தியப் பகுதியான டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவின் நூல்கள் பல இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கின்றன.

அந்நூல்களைப் பயன்படுத்தும் மாணவர்கள், விடுபட்ட பக்கம், ஓரம் வெட்டுண்ட வரி, தவறாகத் தட்டச்சிட்ட தலைப்பு ஆகியவற்றையும் ஆங்காங்கே காண்கின்றனர். இவ்வளவு பெரிய முயற்சியில் இவை வியப்புக்குரியனவல்ல. வேறெங்கும் கிடைக்காத நூல்கள் பல இதனாலேயே மாணவர் கைக்கு எட்டின. எனினும் தலைப்புத் தவறான நூல் தேடுவோர்க்கு இல்லாத நூலே.

சிறு அலுவலகத்தில் இதற்கான காப்பு மிக எளியது. கோப்பின் தாள்களுக்கு முன்னதாகவே பென்சிலால் எண்ணிட்டு, பின்பக்கத்தில் எழுத்துள்ளவற்றைக் குறித்துக்கொண்டு, வரவேண்டிய படங்களின் தொகையைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். படியெடுத்து முடிந்ததும் கணினி காட்டும் தொகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்த பின்னரே மூலத்தைக் கட்டலாம். நாள்தோறும் காலையில் வெற்று வெள்ளைத் தாள் ஒன்றைப் படியெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதும் நற்பழக்கம். அதில் தோன்றும் புள்ளி எதுவாயினும் அது கருவியினுடையதேயன்றி ஆவணத்தினுடையதன்று.

முகாமிட்டுப் பணிபுரியும் கள அலுவலர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். சி.சி.டி. வகைத் தட்டை ஸ்கானர்கள் பலவற்றின் அடிப்புறத்தில் பூட்டு ஒன்று உண்டு. ஜீப்பில் ஏற்றுமுன் அதைப் பூட்டாவிடில், உள்ளேயுள்ள வண்டி குலுங்கி ஆடிகள் இடம் பெயரும். சென்றடைந்த இடத்தில் மின் இணைப்புக் கொடுக்குமுன் பூட்டைத் திறக்க மறந்தாலோ, வண்டி நகரமாட்டாமல் மோட்டார் முனகி, கருவி பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் சிற்றூர்களில் கணினியோடு ஸ்கானரையும் யூ.பி.எஸ். வழியே இணைத்தல் வேண்டும். குளிர்ந்த அறையினின்று புழுக்கமான வெளியிடத்திற்குக் கொணர்ந்த கருவியின் கண்ணாடியில் உட்புறமாக ஈரம் அரும்பக் கூடும். அரைமணி நேரமேனும் அதை அவ்வாறே வைத்திருந்து, ஈரம் உலர்ந்த பின்னரே இயக்குக.