மூட்டுக்குள் மூன்று இடங்கள்

தேயிலைக் கொழுந்தை இரண்டு இலை, ஒரு மொட்டாகக் கிள்ளும்போது ஓயாமல் வேலை செய்வது கட்டைவிரலின் அடி மூட்டு. ஒரு சேணத்தின் மேல் இன்னொன்றைக் குறுக்காகக் கவிழ்த்தது போன்ற அமைப்பு அது. அதனால்தான் கட்டைவிரல் நாலாபக்கமும் திரும்பி, மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கிறது. முழங்கை கதவைப் போல ஒரே வாட்டத்தில் மடங்கும். தோளும் இடுப்பும் கிண்ணத்துக்குள் உருளும் பந்துகள். மூட்டுக்குக் கீல் என்றும் பெயர். கீல்வாதம் என்ற சொல் அங்கிருந்து வந்ததே.

வடிவம் எதுவானாலும் உள்ளமைப்பு ஒன்றுதான். எலும்பு நுனிகளைச் சில மில்லிமீட்டர் கனத்தில் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டைச் சுற்றி உறுதியான உறை. உறையின் உட்புறம் சினோவியல் சவ்வு. சவ்வு சுரக்கும் திரவம் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பானது. ஆரோக்கியமான முழங்காலில் அது ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. உராய்வைத் தடுப்பதும் அதுதான், குருத்தெலும்புக்குச் சோறு போடுவதும் அதுதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பஞ்சு போலப் பிழியப்படுகிறது. தூக்கும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

குருத்தெலும்பு, சவ்வு, திரவம் என்ற இந்த மூன்று இடங்களில் மூன்று நோய்கள் தொடங்குகின்றன. குருத்தெலும்பில் தொடங்குவது மூட்டுத் தேய்மானம். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. உடல் முன்னே சரியாமல் தொடைத்தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பில் முழங்கால் சில்லு தொடை எலும்போடு உடல் எடையைப்போலப் பல மடங்கு விசையில் அழுந்துகிறது. தலையில் கொழுந்து மூட்டை இருந்தால் அந்தப் பாரமும் சேரும். குருத்தெலும்புக்கு நரம்பில்லாததால் தேய்வது தெரிவதில்லை. அடியிலுள்ள எலும்புக்கும் சவ்வுக்கும் பாதிப்பு எட்டிய பிறகே வலி வரும். வயது, உடல் பருமன், பழைய அடி, பரம்பரை எல்லாமே இதில் சேர்வதால் ‘தேய்மானம்’ என்ற சொல் பாதி உண்மைதான். தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சி வெறும் மாத்திரையைவிட நெடுநாள் பயன் தரும்.

முடக்குவாதம் சவ்வில் தொடங்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றலே சவ்வைத் தாக்க, அது தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரு கைகளிலும் ஒரே மாதிரி, விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் வீங்கும். நுனி மூட்டு பெரும்பாலும் தப்பும். காலையில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். தேய்மானத்தில் அது அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தைக் குளிர் வாதம் என்று தைலம் தேய்த்தே மாதங்களைக் கடத்துவது ஆபத்து. சிதைவு தொடக்கக் காலத்திலேயே நேர்ந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டே முதன்மை மருந்து. துணைக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மலேரியா மருந்துகளின் வாரிசு. அந்தப் பரம்பரையின் மூத்த மருந்தான கொய்னாவுக்காகவே 1860களில் தொட்டபெட்டாவில் சின்கோனா மரங்கள் நடப்பட்டன.

மூன்றாவது இடம் திரவம். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால் அதன் உப்பு ஊசி ஊசியாக மூட்டில் படியும், அதுதான் கவுட். பெரும்பாலும் கால் பெருவிரலில், நள்ளிரவில், போர்வை பட்டாலும் தாங்காத வலியாக வரும். சூடு குறைந்தால் இந்த உப்பு எளிதில் படியும். உடலின் குளிர்ந்த கோடியான பெருவிரல் முதலில் மாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கான கோல்ச்சிசின் மருந்து நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கிறது. ஆனால் கிழங்கை நேரடியாகத் தின்றால் மரணம் நேரலாம்.

குளிர் தேய்மானத்தையோ முடக்குவாதத்தையோ உண்டாக்குவதில்லை. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியின் குளிரில் தசைகள் இறுகும். இருக்கிற வலி கூடும், அவ்வளவுதான். ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் மலையின் காடுகளில் வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து வடிப்பது. அதில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவு. மேலே தடவினால் வலி சற்று மட்டுப்படும். மூட்டுக்குள் நடப்பதை அது நிறுத்தாது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் குழந்தையின் உயிர் போகலாம் என்பதால் புட்டியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.