போர்க்களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கடிதம்

சென்ற தவணைப் பரீட்சைக் காலத்தில் கட்டாரிலிருந்து வாப்பா எனக்கு ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தார். வெறும் நாற்பது வினாடிகள்தான். படிப்பு முடியட்டும், பிறகு கேட்கலாம் என்று அதைத் திறக்காமலே மூன்று நாட்கள் வைத்திருந்தேன். நான்காம் நாள் உம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "வாப்பாக்கு ஒரு சொல்லுப் பதில் போட ஒனக்கு நேரமில்லையா மகள்? அவர் என்னட்ட மூணு தரம் கேட்டுட்டார்."

அப்போதுதான் திறந்து கேட்டேன். "கிணத்தடி மாமரம் பூத்திட்டா மகள்? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." அவ்வளவுதான். இதற்காகவா உம்மா என்னை ஏசினார் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

அதே மாதம் எங்கள் வரலாற்று ஆசிரியை ஓர் ஒப்படை தந்தார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் படைவீரர்கள் தங்கள் வீட்டாருடன் எவ்வாறு தொடர்பு கொண்டார்கள் என்பதைத் தேடி எழுத வேண்டும். ஒப்படைக்காகத் தேடிய விடயம் ஒப்படை முடிந்த பின்னும் என்னை விடவில்லை. அதையே இங்கு எழுதுகிறேன்.

அந்த யுத்தம் நமக்கு அந்நியமான ஒன்றல்ல. 1942 ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. பர்மாவுக்குப் போவதற்கு முன் கிழக்கு ஆபிரிக்கப் படையினர் நமது தீவில் பயிற்சி பெற்றார்கள். நாம் சுற்றுலா செல்லும் அந்த மரநிழல்களில் அன்று நின்றவர்களுக்கும் எங்கோ தொலைவில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் தபாற்காரரை எதிர்பார்த்து ஒரு தாய் இருந்திருப்பார்.

அக்காலத்தில் தொடர்பு என்றால் கடிதம்தான். அமெரிக்கா தனது படையினரைக் கடல் கடந்து பல நாடுகளுக்கு அனுப்பியது. அவர்கள் வீட்டுக்கு எழுதும் சாதாரணக் கடிதங்களுக்குத் தபாற் கட்டணம் தேவையில்லை என்று 1942இல் சட்டம் வந்தது. முத்திரை ஒட்டும் இடத்தில் 'இலவசம்' என்று பொருள்படும் சொல்லைத் தம் கையால் எழுதினாலே போதும். கட்டணம் பிரச்சினையாக இருக்கவில்லை. இடமும் நேரமும்தான் பிரச்சினையாயின. கப்பல்களில் உணவும் மருந்தும் ஆயுதமும் ஏற்ற வேண்டும். அவற்றுக்கு நடுவே மூட்டை மூட்டையாகக் கடிதங்களை ஏற்ற இடம் ஏது? ஏற்றினாலும் கப்பல் போய்ச் சேர வாரக்கணக்காகும். வழியில் நீர்மூழ்கி தாக்கினால் கடிதமும் கடலோடு போய்விடும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிரித்தானியர் 1941இல் தொடங்கிய முறையை ஒட்டி, அமெரிக்கர் 1942 ஜூன் 15ஆம் திகதி 'வீ மெயில்' என்ற சேவையை ஆரம்பித்தனர். 'வீ' என்பது வெற்றியைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. படைவீரரும் அவருடைய வீட்டாரும் இதற்கென அச்சிட்ட ஒரே அளவான தாளில்தான் எழுத வேண்டும். அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து, நகம் அளவு சிறிதாக்கிப் படச்சுருளில் பதிவார்கள். சுருள் விமானத்தில் பறக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதை மீண்டும் பெரிதாக்கி, உள்ளங்கையில் அடங்கும் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு உரியவரிடம் கொடுப்பார்கள்.

இதனால் கிடைத்த பயனைப் பாருங்கள். ஒரு பக்கக் கடிதங்கள் 150,000ஐ அனுப்ப முன்பு 37 தபால் பைகள் தேவைப்பட்டன. இப்போது ஒரே ஒரு பை போதும். 2,575 இறாத்தல் நிறை 45 இறாத்தலாகக் குறைந்தது. படச்சுருள் வழியில் தொலைந்தாலும் கடிதம் தொலையாது. சுருள் பத்திரமாகப் போய்ச் சேரும்வரை மூலக் கடிதத்தை அழிக்காமல் வைத்திருந்து, தேவையானால் மறுபடியும் படம் எடுத்தார்கள்.

குறைகளும் இருந்தன. ஒரு பக்கத்துக்கு மேல் எழுத இடமில்லை. உள்ளே எதையும் வைத்து அனுப்ப முடியாது. அன்பின் அடையாளமாகச் சிலர் கடிதத்தில் உதட்டுச்சாயத்தைப் பதித்து அனுப்ப, அது படமெடுக்கும் இயந்திரத்தில் ஒட்டி மற்றவர்களின் கடிதங்களையும் கறைப்படுத்தியதாம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கடிதத்துக்கு இன்னொரு கதவும் இருந்தது. அதுதான் தணிக்கை. படைவீரர் எழுதியதை அவருடைய மேலதிகாரி வாசித்த பிறகே உறை ஒட்டப்படும். எந்த ஊரில் இருக்கிறோம், எங்கே போகப் போகிறோம், எத்தனை பேர் இருக்கிறோம் என்றெல்லாம் எழுதக் கூடாது. எழுதினால் அந்த வரியை வெட்டி எடுப்பார்கள், அல்லது மையால் மறைப்பார்கள். கடிதம் எதிரியின் கையில் சிக்கினால் பல உயிர்கள் போய்விடும் என்பதே காரணம். ஆகவே வீட்டுக்கு வந்த கடிதத்தில் யுத்தத்தைப் பற்றி அதிகம் இருக்காது. சாப்பாடு, மழை, நண்பன், ஊர் ஞாபகம் என்று சின்னச் சின்ன விடயங்களே மிஞ்சும். வீட்டிலிருந்து போன கடிதங்களும் அப்படித்தான். யாருக்குக் கல்யாணம், எந்தக் கன்று ஈன்றது, தம்பிக்கு எத்தனை புள்ளிகள் என்பவைதான் செய்தி. ஆனால் குளிரில் பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கு அவை சின்ன விடயங்கள் அல்ல. தான் இல்லாத வீடு இன்னும் அப்படியே இருக்கிறது, அங்கே தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

அந்தச் சாட்சி வந்து சேராவிட்டால் என்னவாகும்? 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கின. பின்னர் அவை ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருந்தன. இன்று ஓர் ஊரில் இருக்கும் வீரர் நாளை வேறோர் ஊரில் இருப்பார், அல்லது வைத்தியசாலையில் இருப்பார். தபால் அவரைத் துரத்திக்கொண்டே போனது. வகைப்படுத்தப் போதிய ஆட்களும் இல்லை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரக் களஞ்சியங்களில் கடிதங்களும் பொதிகளும் கூரை வரை குவிந்தன. மொத்தம் சுமார் 17 மில்லியன். நத்தார் பரிசுகள்கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. வீட்டார் தம்மை மறந்துவிட்டார்கள் என்று போர்முனையில் பலர் சோர்ந்துபோனார்கள். உண்மையில் வீட்டார் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1945 பெப்ரவரியில் அந்தக் களஞ்சியங்களுக்குள் நுழைந்தவர்கள் பெண்கள். அமெரிக்க இராணுவத்தின் 6888ஆவது மத்திய தபால் படையணி. மொத்தம் 855 பேர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அவர்களின் தளபதி மேஜர் சாரிட்டி அடம்ஸுக்கு அப்போது வயது 26. அக்கால அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பிரிவுகள். நாட்டுக்குச் சேவை செய்யப் புறப்பட்ட இவர்களோடு ஒரே மேசையில் உண்ணக்கூட விரும்பாதவர்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள்.

களஞ்சியத்தில் வெப்பமூட்டும் வசதி இல்லை. எதிரி விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாதிருக்க யன்னல்கள் மறைக்கப்பட்டிருந்தன. பொதிகளில் வீட்டார் அனுப்பிய கேக்குகளைத் தேடி எலிகள் வந்தன. இந்த இருட்டிலும் குளிரிலும் அப்பெண்கள் எட்டு மணித்தியால முறைமாற்றத்தில், ஒரு நாளைக்கு மூன்று குழுக்களாக, வாரத்தின் ஏழு நாட்களும் வேலை செய்தார்கள். ஒரு முறைமாற்றத்தில் ஏறத்தாழ 65,000 தபால்கள். நான் பெருக்கிப் பார்த்தேன். நாளொன்றுக்கு 195,000!

முகவரி சரியாக இருந்தால் வேலை இலகு. ஆனால் ரொபர்ட் சிமித் என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். சில உறைகளில் வீட்டுச் செல்லப் பெயரையும் 'அமெரிக்க இராணுவம்' என்பதையும் தவிர வேறெதுவும் இல்லை. அப்பெண்கள் சுமார் ஏழு மில்லியன் விபர அட்டைகளைப் பேணி, படை இலக்கத்தை வைத்து ஒவ்வொருவரையும் பிரித்தறிந்தார்கள். கடிதத்துக்கு உரியவர் இறந்துவிட்டதாக அட்டை சொன்னால், அந்தக் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த உறையைக் கையில் எடுத்த பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்த வேலைக்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காலம் ஆறு மாதங்கள். மூன்றே மாதங்களில் முடித்தார்கள். 'தபால் இல்லையேல் மனோபலம் குறையும்' என்பதே அவர்களுடைய சுலோகத்தின் பொருள். பிறகு பிரான்சின் ரூவான் நகரில் இதே வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கு நடந்த வாகன விபத்தில் மூன்று பெண்கள் உயிரிழந்து, நோர்மண்டியிலுள்ள அமெரிக்க மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1946இல் படையணி கலைக்கப்பட்டபோது எந்த விழாவும் நடக்கவில்லை. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தங்கப் பதக்கம் இவர்களுக்கென 2022இல்தான் சட்டமாக்கப்பட்டது. மேஜர் சாரிட்டி அடம்ஸ் அதைக் காணவில்லை. அவர் 2002இல் காலமாகிவிட்டார்.

காலம் மாற, வழியும் மாறியது. வியட்நாம் யுத்தத்தின்போது வானொலி ஆர்வலர்கள் உதவினார்கள். அங்கிருந்து வீரர் பேசுவது வானொலியில் வரும். அமெரிக்காவில் ஓர் ஆர்வலர் அதைப் பிடித்துத் தொலைபேசியோடு இணைத்து வீட்டாருக்குக் கொடுப்பார். செனட்டர் பரி கோல்ட்வோட்டர் தமது வீட்டிலேயே இத்தகைய நிலையமொன்றை நடத்தினார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசி முடிந்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். "உம்மா, சுகமா? ஓவர்" என்று வாப்பா கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். நடுவில் முன்பின் தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த ஓரிரு நிமிடங்களுக்காக வீரர்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

இன்று முகம் பார்த்தே பேசலாம். ஆயினும் காத்திருப்பு முடிந்துவிடவில்லை. ஒரு முகாமில் யாராவது இறந்தாலோ படுகாயமடைந்தாலோ அமெரிக்கப் படையினர் அங்கிருந்து வெளியே செல்லும் தனிப்பட்ட தொடர்புகளை நிறுத்திவிடுவார்கள். இதற்கு 'ரிவர் சிட்டி' என்று குறிப்புப் பெயர். இறந்தவரின் குடும்பம் அச்செய்தியை அலைபேசித் திரையில் பார்த்து அறியக் கூடாது, அதிகாரி ஒருவர் வீட்டுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முகாமிலுள்ள எல்லோருடைய வீடுகளிலும் ஒரே நேரத்தில் அலைபேசி மௌனமாகிவிடும். வாசற்கதவு தட்டப்படுமோ என்று எல்லாத் தாய்மாரும் அஞ்சிக்கொண்டிருப்பார்கள். தொடர்பு வேகமாக வேகமாக, மௌனத்தின் பாரமும் கூடிவிட்டது.

என் வாப்பா படைவீரர் அல்லர். கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் பொருட்களைக் கணக்கெடுப்பவர். அவரைச் சுற்றிக் குண்டு விழுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் வீட்டைவிட்டுத் தொலைவில் இருப்பவரின் மனம் ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது. முகம் தெரியாத ஒருவரின் கடிதத்தை அமானிதமாகக் கருதி, ஏழு மில்லியன் அட்டைகளுக்குள் தேடி, அந்தப் பெண்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். என் வாப்பாவின் குரலோ ஒரு நொடியில் என் கைக்கு வந்துவிட்டது. அதைத் தடுக்க யுத்தமும் இல்லை, தணிக்கையும் இல்லை. மூன்று நாட்கள் தாமதித்தது என் விரல் மட்டும்தான்.

ஒப்படையை எழுதி முடித்த அன்று பின்னேரம் கிணற்றடிக்குப் போனேன். மாமரத்தின் தெற்குப் பக்கக் கிளையில் மட்டும் பூ இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். கூடவே, கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதையும், தம்பி மதிலில் ஏறி உம்மாவிடம் அடி வாங்கியதையும், அன்று பகல் என்ன கறி என்பதையும் இரண்டு நிமிடம் பேசி அனுப்பினேன்.

உடனே பதில் வரவில்லை. வாப்பாவுக்கு அன்று இரவு வேலை. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது பதில் இருந்தது. "தெற்குக் கிளைதான் எப்பவும் முந்திப் பூக்கும் மகள். கப்பிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க."