குதிரைமலை: பெயர் மட்டும் சாட்சியாகுமா?

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம், வில்பத்து தேசியப் பூங்காவுக்குள், கடலை நோக்கி நீண்டு நிற்கிறது குதிரைமலை முனை. பெயரில்தான் மலை, நேரில் அது ஒரு செம்மண் மேடு. இன்று அங்கு குடியிருப்புகள் இல்லை.

மேட்டின் கடற்பக்கச் சரிவில் நிலத்தின் வயது தெரிகிறது. அடியில் கடல் உயிரினங்களின் சுவடுகள் பதிந்த மயோசீன் காலச் சுண்ணக்கல். அதற்கு மேல் துருநிறச் செம்மண். எதிரே மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள்.

விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி இதுவே என்பர் ஒரு சாரார். மண் பட்டுக் கைகள் சிவந்ததாக மகாவம்சம் கூறுவது அவர்களது ஆதாரம். ஆனால் செம்மண் வடமேற்குக் கரையில் வேறு இடங்களிலும் உண்டு.

அல்லி அரசாணி இங்கிருந்து ஆண்டாள் என்பது தமிழரிடையே வழங்கும் கதை. வடக்கே அரிப்பில் 'அல்லிராணிக் கோட்டை' எனக் காட்டப்படும் கட்டடமோ, பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. சங்கப் பாடல்களில் வரும் பிட்டங்கொற்றனின் குதிரைமலையை இங்கு தேடுவோரும் உண்டு. அவன் சேரனின் படைத்தலைவன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உரோம எழுத்தாளர் பிளினியின் குறிப்பு இவற்றைவிடக் கனமானது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவர், காற்றில் அடிபட்டு 15ஆம் நாள் இலங்கையின் 'ஹிப்பூரோஸ்' துறையை அடைந்தாராம். கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. அதனால்தான் ஆய்வாளர் சிலர் குதிரைமலையைச் சுட்டினர். எகிப்தியப் பாலைவனப் பாதையொன்றில் கிடைத்த, கி.பி. 6ஆம் ஆண்டைச் சேர்ந்த பாறைப் பொறிப்பிலும் புளோக்காமஸின் பெயர் உள்ளது. எனவே அந்த வணிகர் கற்பனையல்ல. ஆனால் துறை எது என்பதற்கு இன்னமும் பெயர் ஒற்றுமையே சாட்சி.

உறுதியான சான்று தெற்கே பொம்பரிப்பில் கிடைத்தது. 1920களிலும் 1956-57இலும் 1970இலும் நடந்த அகழ்வுகளில் ஈமத்தாழிகள், மனித எலும்புகள், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் வெளிவந்தன. இவற்றை ஆய்வாளர்கள் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூருடன் ஒப்பிடுகின்றனர். வளைகுடாவின் இரு கரைகளுக்கும் இடையிலிருந்த உறவைப் பற்றிப் பேச, கதைகளைவிட இத்தாழிகள் உதவுகின்றன.

யுத்தகாலத்தில் மூடப்பட்டிருந்த வில்பத்து 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது குதிரைமலை வரை வாகனங்கள் போகின்றன. அங்கு செல்வோர் காலடியில் ஓர் ஓட்டுத்துண்டைக் கண்டால், நினைவுப்பொருளாகப் பையில் போடாமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். எந்த மண்ணடுக்கில், எதனுடன் கிடந்தது என்ற விபரம் போய்விட்டால் அது வெறும் ஓடுதான். இந்த முனை யாருடையது என்று நாம் வாதாடிக்கொண்டிருக்க, மேட்டின் விளிம்பைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.