பூட்டனாரின் முகவரி: எழும்பூர்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில், லாட்ஜ் போர்டுகளும் ஆட்டோ ஹாரன்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிவப்புக் கட்டடம் இருக்கிறது. 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பாண்டியன் எக்ஸ்பிரஸையும் நெல்லை எக்ஸ்பிரஸையும் பிடிக்கப் பெட்டியோடு ஓடுகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். அவர்களுடைய ஊரோ, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வயலும் குளமும் வரப்புத் தகராறுமாக, இந்தச் சுவருக்குள் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடக்கிறது!

வாருங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

ஆய்வாளர்கள் உட்காருவது வாசிப்பறையில்தான். சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆவணம் நம்மைத் தேடி வரும். நாம் அதைத் தேடிப் போகக் கூடாது. ஆனால் அந்தக் கதவுக்கு அப்பால் இருப்பதை ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்களுக்கு அப்புறம் வேறெதிலும் மனசு ஒட்டாது. உயரமான இரும்பு ரேக்குகள், இடையில் ஒரு ஆள் நடக்கத்தக்க சந்து, பலகை கொடுத்து நாடாவால் இறுக்கிய கட்டுகள், முதுகில் தாலுகா பெயர் எழுதிய கனத்த தொகுதிகள். 1670 முதலான கம்பெனிக் காகிதங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் கொச்சியில் எழுதியவை இருக்கின்றன. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் கணக்குகளும் இருக்கின்றன. இவை அத்தனையும் வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. இங்கே உங்கள் பூட்டனார் இருக்கிறார். மெய்யாகவே இருக்கிறார்.

ஆனால் அவரைப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ‘முத்துசாமி என்று ஒருத்தர், 1880 வாக்கில்’ என்றால் எந்த ரெக்கார்டு கிளார்க்காலும் உதவ முடியாது. குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. தெருவுக்கு மூன்று முத்துசாமி. இங்கே எல்லாம் ஊர்ப்படி, நிலப்படி, வருஷப்படி அடுக்கியவை. எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தக் கிராமம், சர்வே நம்பர் என்ன? இந்த நான்கும் கையில் இருந்தால் முத்துசாமி தானாக எழுந்து வருவார். அதுவும் தனியாக வரமாட்டார். தகப்பன் பெயரைச் சேர்க்காமல் நம் ஊர் எழுத்தர்கள் ஒருவர் பெயரை எழுதுவது அபூர்வம். ஒரு முத்துசாமி கிடைத்தால் அவர் அப்பா கிடைத்துவிட்டார். அந்த அப்பாவைத் தேடிப் பிடித்தால் இன்னொரு படி மேலே. த/பெ என்ற அந்த இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டே ஏறிப் போய்விடலாம்!

ஜில்லா என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சூட்சுமம். இன்றைய மாவட்டத்தைச் சொன்னால் பயனில்லை. சிவகாசிக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். 1985-க்கு முன்னால் இராமநாதபுரம். இராமநாதபுரம் ஜில்லாவே 1910-இல் பிறந்ததுதான். அதற்கு முன்னால் சிவகாசி திருநெல்வேலிச் சீமை. ஆக, 1890-இல் சிவகாசியில் வாழ்ந்தவரைத் திருநெல்வேலிக் கட்டுகளில்தான் கேட்க வேண்டும். வருஷத்திலும் இப்படித்தான். வருவாய்த் துறைக்கு ஜனவரி தெரியாது, பசலிதான். பசலி எண்ணோடு 590 கூட்டுங்கள். பசலி 1270 என்றிருந்தால் அது 1860 ஜூலையில் தொடங்கி 1861 ஜூனில் முடிந்த வருஷம். இந்தக் கணக்கு விரல் நுனிக்கு வந்துவிட்டால் பழைய கணக்குகளின் பாதிப் பூட்டு திறந்த மாதிரி.

இப்போது இனாம் பதிவேட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சொல்லத்தான் பரபரத்துக்கொண்டிருக்கிறேன்!

நவாபும் நாயக்கரும் பாளையக்காரரும் கொடுத்த வரியில்லா நிலங்களுக்கெல்லாம் உண்மையான உரிமைக்காரர் யார் என்று விசாரிக்க 1858-இல் இனாம் கமிஷன் அமைந்தது. அதிகாரிகள் 1860-களில் கிராமம் கிராமமாக விசாரித்து எழுதியதுதான் இனாம் ஃபேர் ரெஜிஸ்டர். விரித்தால் மேஜையின் அகலத்துக்கு நிற்கும் பக்கம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கட்டங்கள், சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. நிலம் எவ்வளவு, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, முதலில் வாங்கியவர் பெயர், இப்போது அனுபவிப்பவர் பெயர், அவர் வயது, இருக்கும் ஊர், முதலில் வாங்கியவருக்கு இவர் என்ன உறவு. கடைசி கேள்வியைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். வம்சாவளி எழுத வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், வரி போடுவதற்காக உட்கார்ந்த ஒரு அதிகாரி வம்சாவளி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1862-இல் எழுதிய வரியில் ‘வயது 38, முதலில் பெற்றவருக்குப் பேரன்’ என்று இருந்தால், அந்தப் பேரன் பிறந்தது 1824 வாக்கில். தாத்தா பதினெட்டாம் நூற்றாண்டில் நடமாடியவர். ஒரே வரியில் நூறு வருஷம்!

இதெல்லாம் கோயிலுக்கும் அக்கிரகாரத்துக்கும்தானே என்று தள்ளிவிடாதீர்கள். தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், தலையாரி, வெட்டியான் என்று ஊருக்கு ஊழியம் செய்தவர்களுக்கும் ஊழிய மானியம் இருந்தது. அவர்களும் அதே பதிவேட்டில் அதே மையில் நிற்கிறார்கள்.

பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய மையின் அமிலம் எழுத்திருக்கும் இடத்தையே அரித்து ஓட்டையாக்கிவிடும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். இதற்காகவே காப்பகங்களில் ‘மெண்டர்’ என்று ஒரு பதவி. அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் சேர்த்த பசை. ஓரம் உதிர்ந்த தாளை ஈரத்தில் படிய வைத்து, மேலே மெல்லிய டிஷ்யூ காகிதமோ சிஃபான் துணியோ போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. எங்கும் ஒரு கொப்புளம் நிற்காது. எழுத்து மறையவும் மறையாது. காய்ந்ததும் ஓரம் வெட்டிப் பைண்டிங்குக்குப் போகும். ஒரு நாளைக்குச் சில தாள்தான் முடியும். அவர்கள் கையில் பிழைத்துவந்த தாள்தான் நம் முன்னால் விரிந்திருப்பது. வம்சாவளி தேடுகிறவர்கள் முதலில் கைகூப்ப வேண்டியது இந்த மேஜைக்கு.

ஓலைச் சுவடியைத் துடைப்பது இன்னொரு வேடிக்கை. 1869-இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய சுவடியை எடுத்தால், பார்வைக்கு ஒன்றுமே எழுதாத வெற்று ஓலை மாதிரித்தான் இருக்கும். எழுத்தாணி கீறியதில் மை போயிருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சைப்புல் எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்து மேலே தடவி, துணியால் ஒரு துடைப்பு. கீறலுக்குள் மட்டும் கரி தங்க, வரி வரியாக எழுத்து மேலே வரும் பாருங்கள், கைதட்டத் தோன்றும்! கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி ஆள் வைத்து ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகள் என்னும் ஊர் வரலாறுகளில் ஒரு பகுதி இங்கேதான். பாளையக்காரர் வம்சாவளிகளுக்கு அதைவிட்டால் பெரிய சுரங்கம் கிடையாது.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். நிலக் கணக்கில் பாட்டிமார் அநேகமாக வருவதில்லை. கணவர் இறந்து, பிள்ளை சிறுவனாக இருந்தால் ‘மைனருக்குக் கார்டியன் தாயார்’ என்று பத்திரத்தில் வருவார். மகளுக்கு எழுதிய தான செட்டில்மெண்டில் வருவார். ஆகவே எழும்பூருக்குக் கிளம்புமுன் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள். அதில் இருக்கும் பதிவு எண்ணும் வருஷமும் சார்பதிவாளர் அலுவலகப் பெயரும் மூன்று சாவிகள்.

பாட்டிமாரைச் சுலபமாகச் சந்திக்க இன்னொரு இடம் உண்டு, அது கல்யாணப் பத்திரிகை. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பெருமையே இதுதான். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. நூல்களும் இதழ்களும் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், கல்யாண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் 1994-இல் அது நூலகமாயிற்று. ஓர் அழைப்பிதழில் என்னென்ன இருக்கும்? இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி, மாமன், ஊர், தேதி, சில சமயம் கல்யாணம் நடந்த வீட்டின் தெரு. அச்சடித்த வம்சாவளி அது. உங்கள் வீட்டு அழைப்பிதழ்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தார் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒருபடி மேல். இறந்தவருக்கு முப்பத்தொன்றாம் நாள் வெளியிடும் நினைவு மலரில் குடும்ப வம்சாவளியையே அச்சிட்டுவிடுகிறவர்கள் அவர்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. அந்தக் காயத்தோடு வளர்ந்த தலைமுறை 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இந்த நினைவு மலர்களையும் பள்ளி மலர்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது. டொரான்டோவில் பிறந்த பேத்தி இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டே கொள்ளுப்பாட்டியின் பெயரைப் படிக்கலாம்!

படித்து உத்தியோகம் பார்த்த தாத்தா என்றால் வேலை எளிது. பழைய சென்னைப் பல்கலைக்கழகக் காலண்டர்களில் பட்டதாரிகள் பெயர் வருஷ வாரியாக இருக்கும். அரசு ஊழியரென்றால் கெஜட்டும் சிவில் லிஸ்டும் இருக்கின்றன. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழில் அறிவிப்புக் கொடுத்திருப்பார்கள். பழைய பெயர், புதுப் பெயர், தகப்பன் பெயர் மூன்றும் ஒரே பத்தியில். கன்னிமாரா நூலகத்தில் ஒரு மதியம் போதும்.

நிலமும் இல்லை, படிப்பும் இல்லை என்றால்? எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். நிலம் உள்ளவருக்கு நிலக் கணக்கு. நிலம் இல்லாதவருக்குப் பல சமயம் கப்பல் கணக்கு. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறது. சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலத்துக்கும் தன் பெயர் எழுதப்படாத பெண்ணுக்கு அங்கே தனி வரி உண்டு, தனி எண் உண்டு, அவளுடைய அப்பா பெயர் உண்டு. மனிதரைச் சரக்காக எண்ணிய ஏற்பாடுதான் அது. அந்தக் கொடுமை எழுதி வைத்த காகிதமே இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊரைத் திருப்பிக் கொடுக்கிறது. மொரீஷியஸில் மோகா நகர் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் இப்படிப்பட்ட குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே பலருக்குப் புகைப்படமும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். தாத்தாவின் பிறப்புச் சான்றிலோ கல்யாணச் சான்றிலோ பெற்றோரின் கப்பல் எண் இருந்தால் போதும், வரி கிடைத்துவிடும். வரி கிடைத்த பிறகுதான் அசல் விளையாட்டு. கிராமத்தின் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறாரே! பூந்தமல்லியைப் பூனமல்லி ஆக்கியவர்கள், தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவர்கள், பெயர் தெரியாத ஒரு சிற்றூரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள்? கண்ணால் படித்தால் விளங்காது. மெட்ராஸ் ராஜதானிக் கிராமங்களின் அகரவரிசைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தத் தாலுகாவுக்குள் மட்டும், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பட்டா, பட்டியா, பாக்கமா, ஊரா, நல்லூரா? நீட்டிச் சொல்லுங்கள், குறுக்கிச் சொல்லுங்கள், வல்லினத்தை மெல்லினமாக்கிப் பாருங்கள். வாசிப்பறையில் இருக்கிறோம் என்பதை மறந்து கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாலும் குற்றமில்லை. மூன்று மேஜை தள்ளி வேறேதோ ஜமீன் கணக்கில் தலை புதைத்திருக்கும் யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். “இன்னொரு தரம் சொல்லுங்க சார்... அட, அது எங்க ஊருக்கு ரெண்டு மைல் தள்ளி!”