கிழமை போய்க் கணக்கு வந்தது

நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் நசியம். நாலு மாதத்துக்கு ஒரு பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு வாந்தி மருந்து. மாதம் நாலு சவரம். நேற்று வைத்த கறி எவ்வளவு ருசியாக இருந்தாலும் இன்று கிடையாது. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் ‘நோயணுகா விதி’ போட்டுத்தரும் அட்டவணை இது. இப்படியெல்லாம் நடந்துகொள்கிற எங்களிடம் எமனுக்கு என்ன வேலை என்று ஒரு சவால் வேறு விட்டிருக்கிறார்.

மாதக் கடைசியில் தோழிகளிடமிருந்து என் போனுக்கு வரும் பட்டியல்களைப் படிக்கும்போது தேரையர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பார்த்ததில் பிடித்த தொடர், திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு, படித்து முடித்த புத்தகம், பாதியில் நிற்கும் புத்தகம்; கூடவே காலையில் குடித்த, ஆப்பிளும் பீட்ரூட்டும் கேரட்டும் சேர்த்த ஏபிசி ஜூஸ், நடந்த அடிகள், தூங்கிய மணிகள், இரவு ஒன்பதுக்கு மேல் போனைத் தொடாத நாட்கள். ரசனையும் உடம்பும் ஒரே தாளில். இதைக் கேலி செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பிடித்ததை எழுதிவைப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ஆனால் முன்பு எதை எப்போது செய்வது என்பதைக் கிழமை சொன்னது. இப்போது ஒவ்வொருவரும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, செய்தோமா என்று கணக்கும் தானே பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில், கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்து மாதிரிகளை வெளியிட்டுவிடும் சிவகாசிக்காரர்களின் சரக்கு. முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், எந்தத் திசைக்குச் சூலம், அதற்குப் பரிகாரம் வெல்லமா தயிரா என்பது வரை இருக்கும். கிழித்த தாளின் பின்பக்கத்தில் சில நாள் கைவைத்தியம் இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய். புதனும் சனியும் ஆண்களுக்கு. உனக்கு இன்று குளிக்கத் தோன்றுகிறதா என்று யாரும் கேட்டதில்லை. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரியும் வாசனை வந்தால் ஓடி ஒளிய வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் உள்ளங்கை உச்சந்தலையில் விழும் சத்தம் வாசல் வரை கேட்கும். சீயக்காய் கண்ணில் பட்டு எரிந்து, சாம்பிராணிப் புகையில் தலை காய்ந்து, பூண்டுக் குழம்பு சாப்பிட்டு முடித்தால் தூக்கம் கண்ணைச் சொக்கும். அன்றைக்குப் பார்த்துப் பகலில் தூங்கக் கூடாது என்பது சட்டம்.

கேளிக்கையும் கிழமையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளி இரவு சினிமாப் பாட்டுகளுக்கு ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலை படம். எங்கள் டெல்டா பக்கத்தில் பலர் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வானொலியில் இலங்கையை விட்டால் வேறு ஏது? மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டே நேரம் சொல்லத் தெரிந்த வீடுகள் உண்டு. நேயர் விருப்பத்துக்கு 15 பைசா தபால் கார்டில் பாட்டின் பெயரையும் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரையும் எழுதிப் போடுவார்கள். பாட்டு வருவதைவிட, பெயர் வாசிக்கப்படுவதுதான் பெரிது. பிடித்ததை ஊரறியச் சொல்லும் ஆசை செல்போனோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் அந்தத் தபால் கார்டுகளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் காலத்தின் உண்மையான விருப்பப் பட்டியல் கேசட் கடையில் இருந்தது. ரெக்கார்டிங் சென்டர் என்று போர்டு வைத்த குறுகலான கடை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். வெற்று கேசட் வாங்கிக் கொடுத்து, நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதித் தர வேண்டும். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் கொள்ளும். அதனால் அந்தத் தாள் எளிதில் முடியாது. ஒரு சோகப் பாட்டை எடுத்தால் இன்னொன்றை அடிக்க வேண்டும். ஏ பக்கத்தின் முதல் பாட்டு எது என்பதில் அண்ணன் தங்கைக்குள் சண்டை வரும். அப்பாவுக்கு ஒன்றாவது பழைய பாட்டு வேண்டும். சித்தி ஒன்று சொல்லி அனுப்பியிருப்பாள். கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, “இது வேண்டாம் தம்பி, இந்தப் படத்துல இன்னொண்ணு இருக்கு, அதைப் போடறேன்” என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். நாலைந்து நாள் கழித்துப் போனால் கேசட் தயார். நாடா தீர்ந்துபோய்க் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து நிற்கும். அப்படிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்று அந்தப் பாட்டு முழுசாக ஓடினால் ஏதோ நீட்டி முழக்குவது போலத் தோன்றும்.

இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை. தேர்ந்தெடுக்கும் சிரமமும் இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததை எந்திரமே போடுகிறது. வருஷக் கடைசியில் நாம் அதிகம் கேட்டது எது என்றும் அதுவே சொல்லிவிடுகிறது. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019இல். அதன் ஆண்டுத் தொகுப்புக்காக டிசம்பரில் காத்திருக்கும் பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு ஒருவர். அதில் எனக்கு ஒரு குறை. அது அதிகம் கேட்டதைச் சொல்கிறது, பிடித்ததைச் சொல்வதில்லை. பேரனைத் தூங்கவைக்க ஓடிய தாலாட்டு முதலிடத்தில் வந்து நிற்கும். பஸ்ஸில் ஒரே ஒரு தரம் கேட்டு இரவெல்லாம் படுத்திய பாட்டு பட்டியலிலேயே இருக்காது. கையால் எழுதும் மாதப் பட்டியல் இங்கேதான் ஜெயிக்கிறது.

படிப்பதில் மாற்றம் இன்னும் விசித்திரம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம். தொடர் மாத்திரமா வரும்? பின்பக்கத்து ஜோக், சோப்பு விளம்பரம், யாருடைய சிறுகதையிலோ அரைப் பக்கம், எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 2022இல் மணி ரத்னத்தின் படம் வந்தபோது பல வீடுகளில் பரணிலிருந்து அந்தப் பைண்டுகள் இறங்கின. படிப்பதற்கென்று மட்டும் இல்லை. வந்தியத்தேவன் படத்தில் சரியாக வந்திருக்கிறானா என்று வாதாடச் சாட்சி வேண்டுமே. கல்கி இதழின் அச்சுப் பிரதி 2020இல் நின்றுவிட்டது. சைக்கிளில் துணிப்பை மாட்டி வீடு வீடாக இதழ் கொடுத்து, படித்ததும் வாங்கிப் போகும் லெண்டிங் லைப்ரரிக்காரரும் எங்கள் தெருவில் இல்லை.

மாதம் ஒருமுறை பிடித்ததைத் தொகுத்துச் சொல்வதைத் தமிழில் ஒரு கலையாகவே செய்தவர் சுஜாதா. 1965இல் டெல்லியிலிருந்து வரத் தொடங்கிய ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில், ஆரம்பத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதினார். ஒரு படம், ஒரு புத்தகம், எங்கோ படித்த கவிதை, ஒரு பயணம், ஒரு எரிச்சல், எல்லாம் ஒரே பக்கத்தில். பின்னாளில் விகடனில் வந்த ‘கற்றதும் பெற்றதும்’ அதன் வாரப் பதிப்பு போல. அதில் வயோதிகமும் ஆஸ்பத்திரி அனுபவமும் சேர்ந்துகொண்டன. இன்று மாதப் பட்டியல் போடும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அவருடைய கடைசிப் பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: அவர் பிடிக்காததையும் தயங்காமல் எழுதினார். இன்றைய பட்டியல்களில் எல்லாமே அருமை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குப் பழைய காலத்தின் மேல் மயக்கம் கிடையாது. கோடை விடுமுறையில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய விளக்கெண்ணெயை அனுபவித்தவர்கள் யாரும் அதைத் திரும்ப அழைக்க மாட்டார்கள். ரத்த அழுத்தம் என்று ஒன்று இருப்பது, அது முற்றி ஆளைச் சாய்த்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அமாவாசை, சஷ்டி, ஏகாதசி என்று ஒருபொழுது இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அது அவர்கள் உடம்புக்காக இருந்ததும் அல்ல. இன்று இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்கும் மருமகளைப் பார்த்து மாமியார் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மருமகள் தனக்காக இருக்கிறாள்.

காலை ஆறு மணிக்கு எந்த ஊர்ப் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். சுடிதாரும் ஷூவும் போட்ட ஐம்பது வயதுப் பெண்கள் கையை வீசி நடக்கிறார்கள். என் அத்தைகள் நாளெல்லாம் நின்று, குனிந்து, தண்ணீர் தூக்கி வேலை செய்தார்கள்; ஆனால் வீட்டைப் போட்டுவிட்டு, தனக்காக, சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று ஒருத்தியால் சொல்லியிருக்க முடியாது. கோயிலுக்கு என்று சொல்லித்தான் போக வேண்டும். இது பெரிய மாற்றம். அரசும் தன் பங்குக்கு 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டங்களில் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது. தேவை இருக்கிறது: 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

அடி எண்ணுவதில் மட்டும் கொஞ்சம் பதற்றம் குறையலாம். நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பது ஏதோ மருத்துவச் சங்கம் கூடி முடிவு செய்தது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருஷம், 1965இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பிய எண் அது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே மரண ஆபத்து கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இதைச் சொன்ன பிறகும் என் தோழி ஒருத்தி இரவு பத்து மணிக்குக் கூடத்தில் மீதி அடிகளை நடந்து தீர்க்கிறாள். காலையில் எழுந்ததும் நன்றாகத் தூங்கினாளா என்பதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

கிழமை சொன்ன காலத்தில் இந்தப் பதற்றம் இல்லை. ஒரு வெள்ளி எண்ணெய் தேய்க்காவிட்டால் அடுத்த செவ்வாய் இருக்கிறது. குற்ற உணர்ச்சிக்கு அதில் இடமே இல்லை. தெருவே ஒரே இரவில் ஒரே பாட்டைப் பார்த்ததால் மறுநாள் பேசவும் ஆள் இருந்தது. இன்று நான் பார்க்கும் தொடரை என் வீட்டிலேயே இன்னொருவர் பார்ப்பதில்லை. இவ்வளவு விரிவாகப் பட்டியல் போட்டு அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மறுநாள் பேச ஒரு ஆள் தேடுகிறோம்.

இந்த மாதம் என் பட்டியல் சின்னது. ‘மெய்யழகன்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2024இல் வெளியான சில நாளிலேயே நீளம் என்று 18 நிமிடம் வெட்டினார்கள். இரண்டு பேர் இரவெல்லாம் பேசுவதைப் பார்க்க நமக்கு அவ்வளவு அவசரமா என்ன? சுஜாதாவின் கடைசிப் பக்கங்கள் தொகுப்பைப் படுக்கைப் பக்கத்தில் வைத்து நாளுக்கு நாலு பக்கம் படிக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு மறுபடி வந்திருக்கிறது, பெண்களுக்குரிய கிழமை இல்லை என்றாலும் ஆபீஸ் விடுமுறை அன்றுதான். சாயங்கால நடை காதில் எதுவும் மாட்டாமல். ஏபிசி ஜூஸை நிறுத்திவிட்டேன். கேரட்டைக் கடித்துத் தின்பதே தேவலை.

உங்கள் பட்டியலையும் எழுதிப் பாருங்கள். போனில் தட்டாமல் தாளில் எழுதினால் நல்லது. இடம் குறைவாக இருந்தால்தான் எதையாவது அடிக்கத் தோன்றும். பிடிக்காமல் நிறுத்தியது ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். அது இருந்தால்தான் மற்றதைப் படிக்கிறவர்கள் நம்புவார்கள்.